சிவமணி டி டிரைவில் வைத்தவை

கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சாஹுல் ஹமீது முதலாளியின் கொமியூனிகேஷன் கடைக்குத் தமிழ்க் கடிதம் அடிக்கும் வேலைக்கு சிவமணி வந்தது 2006இல். கலஹா தோட்டத்துப் பெண். நான் அங்கே போட்டோகொப்பி மெஷினில் நின்றேன். அவளுக்குப் பயமே கிடையாது என்று இப்போது சொல்கிறார்கள். அது பொய். பயம் நிறையவே இருந்தது. பணிந்து போகிற பழக்கம்தான் இல்லை.

கொம்பியூட்டருக்கு வைரஸ் பிடித்தால் முதலாளிக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ரிப்பேர்காரரைக் கூப்பிட்டு போர்மட் அடிப்பது. மாதத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். அவர் துடைப்பது விண்டோஸ் இருக்கிற சி டிரைவை மட்டும்; பக்கத்தில் காலியாகக் கிடந்த டி டிரைவைத் தொட மாட்டார். ஆனால் கேட்ட இடத்திலெல்லாம் ஓகே, ஓகே என்று அமத்துகிற நாங்கள், எல்லாவற்றையும் அந்த சி-யில்தான் குவித்து வைத்திருப்போம். மறுநாள் தமிழ் அடிக்கும் புரோகிராம் இருக்காது. மடுல்கெல்லையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சனத்திடம், "தமிழ் இல்லை, திங்கட்கிழமை வாங்க" என்போம். கடையில் இங்கிலீஷ் இல்லாத நாளை மட்டும் நான் கண்டதே இல்லை.

சிவமணி இரண்டு தடவை அப்படிச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவளால் முடியவில்லை. தமிழ்ப் புரோகிராமை டி டிரைவில் போட்டாள். சின்னப் புரோகிராம்தான், விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் போல்டரைத் திறந்து தட்டினால் ஓடும். இன்டர்நெட்டில் இறக்கும் படிவங்களும் டி-யிலேயே விழும்படி மாற்றினாள். அடித்த கடிதங்களையும், எழுதியவர் பெயர், யாருக்கு எழுதியது என்று இங்கிலீஷில் பெயர் போட்டு அங்கேயே வைத்தாள்.

யுத்தம் மறுபடி தொடங்கி, தமிழில் எதைக் கண்டாலும் சந்தேகப்பட்டு பொலிஸ் கடை கடையாகச் சோதித்த காலம் அது. முதலாளி வெலவெலத்துப் போனார்.

"நமக்கு என்னத்துக்குப் புள்ள இந்த வம்பு? டி-யில ஈக்கிற எல்லாத்தையும் அழிச்சிடுங்க. கடைக்கு சீல் வெச்சிடுவாங்க."

"அழிக்க மாட்டேங்க முதலாளி. வேணும்னா என்னைய நிப்பாட்டுங்க."

அவர் நிப்பாட்டவில்லை. தமிழ் அடிக்க வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணம். மனுஷன் நல்லவர் என்பது இன்னொன்று.

அந்த வாரம், ஏற்கெனவே எங்களிடம் கடிதம் அடித்துப் போயிருந்த பக்கத்துத் தோட்டத்துப் பாலம்மா மறுபடி வந்தார். கொழும்பில் கடையில் வேலை செய்த அவருடைய மகன் வீரையாவை, சந்தேகத்தின் பேரில் பொலிஸ் லொட்ஜில் பிடித்து உள்ளே வைத்திருந்தது. இவன் எங்கள் பகுதித் தோட்டத்து ஆள்தான் என்று கண்டி பொலிஸ் ஸ்டேஷனிலிருந்து உறுதிக் கடிதம் போனால் விட்டுவிடுவார்கள். அதைக் கேட்டுப் பாலம்மா இரண்டு முறை கடிதம் கொடுத்துவிட்டார். இரண்டு முறையும் அப்படியொன்று வரவே இல்லை என்றார்கள்.

"மூணாவதும் தொலைச்சிருவாங்களோ புள்ள?"

"தொலைக்கட்டும். நாலாவது அடிக்கிறேன்."

சிவமணி டி-யைத் திறந்தாள். கடிதம் பிரிண்டரில் வந்துகொண்டிருந்தபோதுதான் அதே ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளுடன் உள்ளே வந்தார். தமிழ்க் கடிதங்கள் ஏதும் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒன்றும் இல்லை மாத்தயா. நேற்றுத்தான் போர்மட் அடித்தோம்" என்றார் முதலாளி.

சிவமணி கதிரையை விட்டு எழுந்தாள். "இருக்கு சேர்" என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். "முன்னூறுக்கு மேல இருக்கு. பாருங்க. பாதி உங்க ஸ்டேஷனுக்கு எழுதினதுதான். அங்க தொலையுறதால இங்க வெச்சிருக்கேன்."

எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று.

இன்ஸ்பெக்டர் திரையையே பார்த்தார். சிவமணி மௌஸை உருட்ட உருட்ட, கடிதப் பட்டியலில் அவருடைய பதவிப் பெயர் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. சிவமணி பாலம்மாவின் கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணு உங்களுக்கு. மத்ததுல கிடைச்சதுன்னு கையெழுத்துப் போடுங்க சேர்."

வாசலில் சனம் கூடிவிட்டது. அவர் பேனையை எடுத்தார். கையெழுத்தான பிரதியை அவள் அவர் கண்ணெதிரேயே ஸ்கேன் பண்ணி டி-யில் போட்டாள்.

வீரையா மூன்று கிழமையில் வீடு வந்தான். அடுத்த மாதம் கொம்பியூட்டருக்கு மறுபடி வைரஸ். ரிப்பேர்காரர் பையைத் திறக்கும் முன்பே முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"என்னத்த வேணுமெண்டாலும் துடைங்க. அந்தப் புள்ளட டி-யில மட்டும் கை வெச்சிடாதீங்க."