அடுப்பைத் திறக்க விடாத மருமகள்

போன காணும் பொங்கலன்று, உத்திரமேரூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மகனுக்குத் திருமணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. மருமகள் சீராகக் கொண்டுவந்த மைக்ரோவேவ் அடுப்பு சமையலறை மேடையில் இருந்தது. எவர்சில்வர் பாத்திரம், சில்வர் பேப்பர், முழு முட்டை இதெல்லாம் அதற்குள் போகக் கூடாது என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

பெருநகர் கிராமத்திலிருந்து வந்திருந்த என் கொழுந்தனாருக்கு அது தெரியாது. நானும் மருமகளும் பின்பக்கம் வேலையாக இருந்தோம். எங்களைக் கூப்பிடுவானேன் என்று நினைத்தாரோ என்னவோ, வழியில் வாங்கிவந்த பரோட்டாவை சில்வர் பேப்பரும் செய்தித்தாளுமாக அப்படியே உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். படபடவென்று சத்தம் கேட்டு ஓடினோம். கண்ணாடிக்குள் பொறி பறந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் பற்றிக்கொண்டது.

அவர் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்போடு, மறு கையை அடுப்பின் கதவுக்கு நீட்டினார். மருமகள் குறுக்கே புகுந்து சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினாள். அதற்கப்புறமும் நகரவில்லை.

“தள்ளும்மா. உள்ள எரிஞ்சிக்கினு கீது, இன்னா பாத்துக்கினு நிக்கிற?”

“வேணாம் சின்ன மாமா. தொறந்தா காத்து பூந்து நெருப்பு மூஞ்சில அடிக்கும். மூடியே இருந்தா தானா அணைஞ்சிடும்.”

எங்கள் குடும்பத்தில் அவர் பேச்சை யாரும் மறுத்ததில்லை. முகம் சிவக்க என் பக்கம் திரும்பினார். “இன்னா அண்ணி, பேசாம கீறீங்க?”

“அவ சொல்றத கேளுங்க தம்பி” என்றேன்.

நெருப்பு சுருங்கிப் புகையாகி அடங்கியது. சன்னல்களைத் திறந்துவைத்து, சூடு நன்றாகத் தணிந்த பிறகுதான் அவள் அடுப்பைத் திறந்தாள். மெக்கானிக் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரையும் அதைத் தொடவும் விடவில்லை.

கொழுந்தனார் கரிக்கட்டையாகிவிட்ட பரோட்டாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அடுத்த மாசம் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போவணும். நல்லவேளை, மூஞ்சி தப்பிச்சிது” என்றார். பிறகு வந்தவர் போனவர் எல்லாரிடமும் அவரே இந்தக் கதையைச் சொன்னார்.

அவர் எதிரில் நாற்காலியில் உட்காரவே கூசுகிற பெண் அவள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அன்று மறித்து நின்றாளே, அதைவிடப் பெரிய மரியாதையை இந்த வீட்டில் அவருக்கு யாரும் செய்ததில்லை. ‘என் மருமகள்’ என்று சொல்லும்போது இன்றும் என் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்கிறது.