வட்டம் போட்ட புள்ளடி

பிள்ளைகளே,

இந்த நினைவு மலருக்கு உங்கள் பெரியப்பாவைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், வேறு யாரையாவது கேளுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். "வேறை ஆர் இருக்கினம், தம்பி?" என்றார். ஒப்புக்கொண்டேன். நீங்கள் இருவரும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். மெதுவாக வாசியுங்கள், நடுவில் விட்டுவிடாதீர்கள். இத்தனை வருடமாக உங்களுக்கும், அண்ணிக்கும், உங்கள் அம்மாவுக்கும்கூடச் சொல்லாத ஒன்றை இதில் எழுதப் போகிறேன். உறவினர்களும் நண்பர்களும் வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அண்ணா சுன்னாகத்தில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடைசி நான். இடையில் இருந்த இருவரும் இப்போது இல்லை. எங்கள் அப்பா சந்தையில் மூட்டை இறக்கிச் சம்பாதித்தவர். அந்தச் சம்பாத்தியத்தில் ஒருவரைத்தான் நன்றாகப் படிக்க வைக்க முடிந்தது. அண்ணா படித்தார், சோதனை பாஸ் பண்ணினார், யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுத்து வேலை பார்க்கும் லிகிதராகச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

தேர்தல் வந்தால் அவருக்கு வாக்குச்சாவடியில் கடமை இருக்கும். மற்ற லிகிதர்கள் அதைத் தொல்லை என்று நினைத்தார்கள். அண்ணா முதல்நாளே வெள்ளைச் சட்டையை மடிப்புக் குலையாமல் எடுத்து வைப்பார். காலையில் வாக்களிப்புத் தொடங்குமுன் பெட்டியைத் திறந்து, சரித்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும். அது சட்டம். அண்ணா அதோடு விடமாட்டார். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் மடக்கிய விரல் மொட்டியால் மூன்று தரம் தட்டிக் காட்டுவார். ஏன் தட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வெறும் பெட்டியைச் சனம் நம்பினாத்தான், பிறகு நிறைஞ்ச பெட்டியை நம்பும்" என்றார்.

பிறகு எண்பத்துமூன்றாம் ஆண்டு வந்தது. நாட்டைப் பிரிப்பதை ஆதரிக்க மாட்டேன் என்று அரசாங்க உத்தியோகத்தர்கள் எல்லாரும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். போடாவிட்டால் வேலை இல்லை. வீட்டில் அவருடைய சம்பளத்தை நம்பி ஆறு வயிறு இருந்தது. அண்ணா போட்டார். அன்று வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தியவர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா தேத்தண்ணியோடு போய்க் கூப்பிட்டார். "கேளாத கேள்விக்கு என்னட்டை மறுமொழி எழுதி வாங்கிப் போட்டாங்கள், அம்மா" என்றார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இடம்பெயர்ந்து, கொழும்பில் அடைபட்டு, தொண்ணூறுகளில் அண்ணாவும் அண்ணியும் நியூசிலாந்துக்கு, இந்த ஒக்லண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கச்சேரி லிகிதர் பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸில் அட்டைப்பெட்டிகளைச் சரிபார்க்கிறவர் ஆனார். அதை ஒரு குறையாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சில வருடத்தில் என்னையும் உங்கள் அம்மாவையும் கூப்பிட்டு எடுத்து, தங்கள் லின்ஃபீல்ட் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தந்து, அதே வேர்ஹவுஸில் எனக்கும் வேலை வாங்கித் தந்தார்.

அங்கே அவர் எனக்குப் பழக்கிய ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். மற்றவர்கள் பார்த்து முடித்த பெட்டியில் ஒரு சரி போடுவார்கள். அண்ணா, வாக்குச்சீட்டில் போடுகிற பெருக்கல் அடையாளத்தைப் போல, ஒரு புள்ளடி போட்டு, இரண்டாம் தரமும் பார்த்த பிறகு அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். நானும் அப்படியே பழகினேன். அந்த இடத்தில் வட்டம் போட்ட புள்ளடி போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சமோவா மேற்பார்வையாளர் அதைப் பார்த்து, "பிரதர்ஸ் பார்த்த பெட்டி" என்று கேலி செய்வார்.

போர் முடிந்தது. முடிவு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, அந்தக் கடைசி மாதங்களில் இறந்துபோனார். அவருடைய படத்துக்கு முன்னால்தான் நீங்கள் வளர்ந்தீர்கள்.

அதன்பிறகு, தமிழர் பகுதி தனிநாடாக வேண்டுமா என்று வெளிநாடுகளில் இருந்த எங்கள் ஆட்கள் தாங்களே வாக்கெடுப்பு நடத்தினார்கள். இங்கேயும் ஒரு சிறு குழு அப்படிச் செய்ய நினைத்தது. எந்த அரசாங்கமும் அதை ஏற்காது என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணாவைப் பொறுப்பாக இருக்கச் சொன்னார்கள். அவருக்கு அறுபது வயது. வேர்ஹவுஸில் எறிந்த பலகையை எடுத்து வந்து, வீட்டுக் கராஜில் இரண்டு சனிக்கிழமை இருந்து வாக்குப் பெட்டி செய்தார்.

வாக்குச்சீட்டு அச்சடிக்கும்போது பிரச்சினை வந்தது. 'ஆம்' என்ற கட்டம் மட்டும் போதும், ஒப்பம் வாங்குவது போலத்தானே என்றார்கள் சிலர். அண்ணா 'இல்லை' என்ற கட்டமும் வேண்டும் என்றார். எங்கள் வீட்டு மேசையில் வைத்துத்தான் அந்தச் சண்டை.

"இவ்வளவு சனம் செத்த பிறகு, 'இல்லை' எண்டு போட ஆர் வரப்போகினம், அண்ணை?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"வராட்டி அந்தக் கட்டம் வெறுமையாக் கிடக்கட்டும்" என்றார் அண்ணா. "பிரியிறதோ சேர்ந்திருக்கிறதோ, அது வேறை கதை. எங்களைக் கேக்க வேணும், அது எங்கட உரிமை. ஒரு மறுமொழியை மட்டும் எழுதி வைச்சுக்கொண்டு கேட்டா, அது கச்சேரியில என்னட்டைக் கேட்ட மாதிரித்தான்."

கட்டம் அச்சானது. ஆனால் அன்றே அவருடைய முதுகுக்குப் பின்னால் பேச்சுத் தொடங்கிவிட்டது.

வாக்கெடுப்பு அன்று வாடகை மண்டபத்தில் அண்ணா வெள்ளைச் சட்டையோடு நின்றார். பெட்டியைத் திறந்து காட்டினார், கவிழ்த்து மூன்று தரம் தட்டினார். வயதானவர்கள் சிலர் அழுதார்கள். உங்கள் அம்மா மாமாவின் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய், 'ஆம்' என்று போட்டுவிட்டு வந்தாள். அதை அவளே எல்லாருக்கும் சொன்னாள்.

நானும் திரைக்குப் பின்னால் போனேன். எனக்கு முன்னாலும் உங்கள் மாமாவின் முகம்தான் வந்தது. அந்த முகம் உங்கள் அம்மாவை 'ஆம்' என்று போட வைத்தது. எனக்கு, இனி எந்த வீட்டுப் பிள்ளையும் எதற்காகவும் போகக்கூடாது என்று மட்டும்தான் இருந்தது. மகனே, உனக்கு அப்போது எட்டு வயது. 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். கை தன்பாட்டில் அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டது. எண்ணும்போது அண்ணா கண்டுபிடித்துவிடுவார் என்று பட்டது. வேறு சீட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. மடித்துப் போட்டுவிட்டேன்.

பின்னேரம் எண்ணினார்கள். அண்ணா ஒவ்வொரு சீட்டாக விரித்து, உயர்த்திக் காட்டி, வாசித்தார். ஆம், ஆம், ஆம் என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு சீட்டில் நிறுத்தினார். அது என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "இல்லை, ஒன்று" என்றார். குரல் மாறவில்லை.

ஒருவர் எழும்பி வந்து சீட்டைப் பார்த்தார். வட்டம் எல்லாம் போட்டிருக்கிறது, இது செல்லாது என்றார். ஒன்றுதானே, அதை விட்டுவிட்டு முழுப் பேரும் ஆதரவு என்று அறிவிப்போம் என்றார் இன்னொருவர்.

"எண்ணம் தெளிவா இருக்கு. செல்லும்" என்றார் அண்ணா. "இந்த ஒண்டுக்காகத்தானே பெட்டி செய்தது."

சொல்லிவிட்டு மண்டபத்தில் இருந்த எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"ஆர் போட்டதெண்டு தெரியாதே? கட்டம் கேட்டவரைக் கேளுங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். துரோகி என்ற சொல்லும் காதில் விழுந்தது. நான் மண்டபத்துக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகளே, அந்த ஒரு சீட்டை உங்கள் பெரியப்பா பதினைந்து வருடம் சுமந்தார். கோயிலில் அவர் வந்து இருந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். கலியாண வீடுகளுக்குச் சொல்லி அழைப்பது நின்றது. ஒருவர் கடையில் வைத்து, "கொழும்பில இருந்து எவ்வளவு தந்தவங்கள்?" என்று கேட்டார். அண்ணா வெங்காயம் பொறுக்கிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒவ்வொரு தரமும் இன்று சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். சொன்னால் உங்கள் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு பயம். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

இந்த நாட்டுக் கொடியை மாற்றுவதா என்று அரசாங்கம் குடிமக்களைக் கேட்ட வருடம், தபாலில் அண்ணாவுக்கும் சீட்டு வந்தது. அதை மேசையில் விரித்து வைத்தார். "ஒரு துணித் துண்டுக்கு வீடு வீடாக் கேக்கிறாங்கள், தம்பி" என்றார். கேலியாகச் சொல்கிறார் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மகளே, நீ ஒருமுறை அவரிடம், உண்மையாகவே அங்கே கேட்டால் என்ன போடுவீர்கள் என்று இங்கிலிஷில் கேட்டாய். "முதல் கேக்கட்டும், பிள்ளை" என்றார்.

சென்ற வருடம் ஈரலில் நோய் என்று தெரிந்தது. கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் நானும் அவரும் தனியாக இருந்தோம். அண்ணா, அந்தச் சீட்டு, என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். ஊசி ஏற்றிய கை.

"திரைக்குப் பின்னால நடந்ததைச் சொல்லக்கூடாது, தம்பி. சொன்னா அது வாக்கில்லை."

இரண்டு நாளில் போய்விட்டார்.

தகனம் முடிந்த மறுநாள் அண்ணி ஒன்று சொன்னார். "அவர் அண்டைக்கு வாக்கே போடேல்லை, தம்பி. பெட்டிக்குப் பொறுப்பா நிக்கிறவன் போடக்கூடாதெண்டிட்டார். அதை வெளியில சொல்லுங்கோவன் எண்டு எத்தினை தரம் கெஞ்சினன். அதைப் போட்டது நான் இல்லை எண்டா, மிச்சப் பேருக்குள்ள தேடுவினம் எண்டார்."

தன்னைக் கேட்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க நினைத்த மனிதர், கிடைத்த ஒரே பெட்டியிலும் தன் சீட்டைப் போடவில்லை. இப்போதும் எனக்கு வீட்டில் எங்காவது பலகையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

எனவே அண்ணாவின் சட்டத்தை இன்று மீறுகிறேன். அந்த 'இல்லை' என்னுடையது. யாருக்காவது கோபம் இருந்தால் என்னிடம் வாருங்கள்.

அண்ணாவை இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்து தந்த அயலவர்களுக்கும், தோள் கொடுத்த பென்ரோஸ் நண்பர்களுக்கும், கிரியைகளைச் செய்து தந்த குருக்கள் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பல வருடம் கதைக்காமல் இருந்துவிட்டு, இறுதி நாளில் மண்டபத்தின் கடைசி வரிசையில் வந்து நின்றவர்களே, உங்களுக்கும் நன்றி. உங்களை நம்ப வைத்தது என் மௌனம்.

இதுவரை எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணியிடம் கராஜ் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு தனியாக அங்கே போனேன். பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. தூசி துடைத்து, கதவோரம் கொண்டுவந்து, மூடியைத் திறந்து சரித்துப் பிடித்தேன், உள்ளே வெளிச்சம் படும்படியாக. பார்க்க ஒருவரும் இல்லை. கவிழ்த்து, அடியில் மூன்று தரம் தட்டினேன்.