ஒரே நேரத்தில் ஒரு பாதிப்புதான்

என் மனைவி தன்னுடைய கரடிக்குத் தானே தீ வைப்பாள். கேட்பவர்களுக்கு விபரீதமாகத் தோன்றும் என்பதால் முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கையில் பிடித்து ஆடும் சின்னத் திரைக் கருவியில் ஆடுவது அது. பிராணிகளைப் பிடித்து வளர்த்து, எதிராளியின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் சில தாக்குதல்கள் உண்டு, பிறவியிலேயே வந்த தனித்திறன் ஒன்றும் உண்டு. அடித்து வீழ்த்துவது ஒரு வழி. அதைவிடக் கெட்டிக்கார வழி, எதிரியின் பிராணிக்கு ஏதாவது ஒரு பாதிப்பை உண்டாக்கிவிடுவது. தூங்கவைத்தால் அது சும்மா நிற்கும். நஞ்சேற்றினால் சுற்றுக்குச் சுற்று உயிர் குறையும். தீக்காயம் பட்டால் அடிக்கும் பலம் பாதியாகிவிடும். வாதம் வந்தால் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் பட்டை ஒன்று தோன்றும், சில சுற்றுகளில் 'அசைய முடியவில்லை' என்று திரையே சொல்லிவிடும். இதற்கெல்லாம் மேலே ஒரு விதி இருக்கிறது. ஒரு பிராணிக்கு ஒரே நேரத்தில் ஒரு பாதிப்புதான் இருக்க முடியும்.

அந்த விதியை என் மனைவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கரடியின் தனித்திறன், ஏதாவது பாதிப்பு வந்தால் அதன் பலம் கூடும் என்பது. தீக்காயம்கூட அதன் அடியைக் குறைக்காது. ஆகவே ஆட்டம் தொடங்கியதுமே கரடியின் கையில் ஒரு தீக்குண்டைக் கொடுத்து அதைச் சுட்டுக்கொள்ள வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு எதிரி தூக்கப்பொடி தூவினாலும் ஒட்டாது, நஞ்சும் ஏறாது. எரிந்துகொண்டே போய் அடிக்கும் அந்தக் கரடியைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும்.

நாங்கள் ஜோடியாக ஆடுவோம். என் பிராணி ஒரு கொழுத்த முயல். அது மணி அடித்தால் எங்கள் பக்கம் இருக்கும் எல்லோருடைய பாதிப்பும் குணமாகும். அங்கேதான் சண்டை வரும். என் பிராணிக்கு நஞ்சேறியதும் நான் அவசரமாக மணியில் விரலை வைப்பேன்.

"அலமாக்! மணி அடிக்காத லா! என் கரடிக்குக் காயம் ஆறிடும்!" என்று கத்துவாள்.

"அப்ப என் முயல் சாகட்டுமா?"

"சாகட்டும். அது சாகறதுக்குள்ள நான் ரெண்டு பேரை முடிச்சிடுவேன்."

அவள் சொல்வதுபோலத்தான் நடக்கும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், யோங் பெங்கில். நான் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அவள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பாலர் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைகளில் குளுவாங்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் போட்டி நடக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் இருப்பார்கள். நரை தொடங்கிய ஜோடி நாங்கள் மட்டும்தான். எங்களை அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்து நாற்காலி போடுவார்கள். பிறகு ஆன்ட்டியிடம் அடிவாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய வாரம் அவளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இருந்தன. குணமாகிவிட்டது என்றுதான் கிளம்பினோம். காரில் போகும்போது கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். குளிர்சாதனம் அதிகமோ என்று குறைத்தேன்.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் கரடி சம்பந்தமில்லாமல் என் முயலை அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்னா பண்ற நீ?"

"பட்டன் தெரியல."

"தெரியலைன்னா?"

"அமுக்கறேனா இல்லையான்னு தெரியல. விரல் மரத்துப் போச்சு."

தோற்றுப்போனோம். படியிறங்கும்போது முதல் படியிலேயே அவள் முழங்கால்கள் மடங்கின. எங்களைத் தோற்கடித்த மலாய் இளைஞன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். அவன் இரண்டு கைகளையும் அவள் தோளுக்கடியில் கொடுத்துத் தாங்கியிருக்காவிட்டால் உருண்டிருப்பாள். அவனும் நானும் அவளைத் தூக்கிக் காரில் வைத்தோம். "மன்னிச்சுக்கோ தம்பி" என்று அவள் தமிழில் சொன்னாள். அவன் புரிந்ததுபோலத் தலையாட்டினான்.

முதலில் போன மருத்துவமனையில் அவள் முழங்காலைச் சுத்தியால் தட்டினார்கள். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார்கள். பிறகு ஆம்புலன்சில் ஜோகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். நான் பின்னால் காரில் போனேன். நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆம்புலன்சின் பின்கதவைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட வயது குறைந்தவர். உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை, கிருமி போன பிறகும் நிற்காமல் சொந்த நரம்புகளையே தாக்குகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. மருந்து ஏற்றுகிறோம். நிறையப் பேருக்குத் திரும்பி வரும். எவ்வளவு, எப்போது என்று கேட்காதீர்கள்.

"நான் என்ன செய்யணும் டாக்டர்?" என்று மலாயில் கேட்டேன்.

"சபார்" என்றார். பொறுமை.

அது இடுப்பில் நிற்கவில்லை. கைகளுக்கு வந்தது, முகத்துக்கு வந்தது. ஒரு காலையில் நான் போவதற்குள் மூச்சுக் குழாய் போட்டுவிட்டிருந்தார்கள். கண் இமைகள் மட்டும் மிஞ்சின. விழித்திருந்தாள், எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. தொட்டால் தெரியும், வலித்தாலும் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். ஒன்றையும் அசைக்கத்தான் முடியவில்லை.

காஹாங்கிலிருந்து என் மாமியார் வந்தார். திருநீற்றைக் கொண்டுவந்து மகள் நெற்றியில் பூசினார். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

"நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க, மாப்பிள்ளை?"

"இல்லைங்க அத்தை, இன்னும் வேண்டல."

எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. முழு உடம்பையும் கேட்பதா, ஒரு விரலைக் கேட்பதா?

பார்வை நேரம் மதியம் கொஞ்சம், மாலை கொஞ்சம். அவளருகில் நின்றால் பேச்சு வராது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் உன்னைக் கேட்டார்கள், மழை பெய்தது, கார் சர்வீசுக்கு விட்டேன். அவ்வளவோடு தீர்ந்துவிடும். ஒருமுறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை என்று பழக்கியிருந்தார்கள். என்னால் அவளிடம் கேட்கத் தகுந்த கேள்விகூட யோசிக்க முடியவில்லை. அதனால் ஒரு நாள் அந்தக் கருவியை எடுத்துப் போனேன்.

அங்கே பொறுப்பில் இருந்த தாதி ஒரு தமிழ்ப்பெண், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். "கேமா அண்ணே?" என்று சிரித்தார். "நல்லாத் துடைச்சிட்டுக் குடுங்க. அவங்களுக்கும் கூரையைப் பார்த்துப் பார்த்துப் போரடிக்கும்" என்று ஸ்பிரிட் நனைத்த பஞ்சை நீட்டினார்.

கைப்பேசியிலிருந்து இணையம் கொடுத்து, உலகின் எந்த மூலையிலோ இருந்த யாரோ ஒருவரோடு ஆட்டம் பிடித்தேன். திரையை அவள் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். "கரடியா?" ஒரு சிமிட்டல். "தீக்குண்டா?" ஒரு சிமிட்டல். "இடது பக்கத்து ஆளை அடிக்கவா?" இரண்டு. "வலது?" ஒன்று. சரியாகத்தான் சொன்னாள். எதிராளி தூக்கப்பொடி தூவ வந்தபோது எரிந்துகொண்டிருந்த கரடிக்கு அது ஒட்டவில்லை. "பார்த்தியா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. சிரிப்பா, அழுகையா, அடிக்கடி விடும் கண்மருந்தா தெரியவில்லை. சிரிக்கவும் அழவும் முகத்தில் தசை வேண்டும். மிஸ்ஸி வந்து துடைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே நுரையீரலில் சளி கட்டி மறுபடி காய்ச்சல் வந்தது. விளையாட்டில் ஒரு பாதிப்பு இருந்தால் இன்னொன்று அண்டாது. அவள் உடம்பில் அப்படி ஒரு விதி இல்லை. காய்ச்சலோடு ரத்த அழுத்தம் காரணமில்லாமல் ஏறியது, இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பை மருந்து தொங்கியது. விளையாட்டில் வாதத்துக்கு ஒரு பழம் போதும். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் மஞ்சள் பட்டை மறைந்துவிடும். நான் அந்தப் பட்டையை எத்தனையோ தடவை யோசனையே இல்லாமல் அழித்திருக்கிறேன்.

காய்ச்சல் இறங்கிய பிறகு இன்னொரு மதியம் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கரடியை அனுப்பவா?"

இரண்டு சிமிட்டல்.

"முயலா?"

இரண்டு.

"வேற யாரு? ஆமையா? பாம்பா?"

இரண்டு. மறுபடியும் இரண்டு.

"வாய்ப்பை விட்டுக்கொடுத்திடவா?"

இரண்டு. திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அவள் புதிதாக ஏதோ உத்தி யோசிக்கிறாள் என்றே நினைத்தேன். இருந்த எல்லாத் தேர்வுகளையும் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை. நேரம் முடிந்து கருவி தானாகவே ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அவள் கண்களை மூடித் திறந்து, மூடித் திறந்து, நிறுத்தவே இல்லை. ஆமாமா இல்லையா என்று எண்ணவும் முடியவில்லை.

மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். போர்வையை விலக்கினார். இடது கால் வலது காலுக்கு அடியில் முறுகிக் கிடந்தது. காலையில் திருப்பிப் படுக்கவைத்தபோது சரிந்திருக்க வேண்டும். குதிகால் சிவந்து கன்றியிருந்தது.

"வலிக்குதாக்கா?"

ஒரு சிமிட்டல். அழுத்தமாக, நீளமாக.

நான் பாம்பா ஆமையா என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவள் கால் வலித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு நான் ஒரு வழியும் வைக்கவில்லை. மிஸ்ஸி தலையணை வைத்துக் காலை நீட்டினார். "பரவால்லண்ணே, நாங்களே சமயத்தில தவறவிட்டுடுவோம்" என்றார். கருவியைப் பைக்குள் போட்டேன். அதன்பிறகு போகும்போதெல்லாம் தலையிலிருந்து கால்வரை கேட்பேன். கழுத்தா, தோளா, முதுகா, கையா, காலா. சில நாள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பாள். கேட்கத்தான் கற்றுக்கொண்டேன். வலியை எடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. முதலில் புருவம் அசைந்தது. உதட்டின் ஓரம் அசைந்தது. தொண்டையில் துளையிட்டு வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு கரகரப்பான ஒரு குரல் வந்தது. அவள் குரல்தானா என்று யோசிக்கும்படி இருந்தது. மாமியார் அழுதார். "என்னாம்மா வேணும், சொல்லு" என்றார்.

"ஐஸ் மைலோ" என்றாள்.

தரவில்லை. விழுங்கும் பயிற்சி முடியும்வரை எதுவும் கூடாது என்றார்கள்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். நடைச் சட்டகத்தைப் பிடித்துக் கூடத்திலிருந்து சமையலறைவரை நடப்பாள். நடந்து முடிந்ததும் நெடுந்தூரம் ஓடியவள்போல மூச்சு வாங்கும். விரல்கள்தான் பின்தங்கிவிட்டன. ரவிக்கைக் கொக்கி, சீப்பு, கைப்பேசி எல்லாவற்றுக்கும் என் கை வேண்டும். கருவியை ஒரு நாள் மடியில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் பொத்தானின்மேல் கிடந்தது, அமுங்கவில்லை.

"நீ ஆடு. நான் பாக்கறேன்" என்றாள்.

"நீ சொல்லு, நான் அமுக்கறேன்."

"வேணாம். ஆஸ்பத்திரியில அப்படித்தான் ஆடினோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னும் எவ்வளவு திரும்பும் என்று கடைசி முறை போனபோது கேட்டேன். கேட்காதே என்று சொல்லியிருந்தும் கேட்டேன். அதே மருத்துவர் அவள் கையைப் பிடித்து, "உங்களால் முடிந்தவரை செய்யுங்கள்" என்று அவளிடம் சொன்னார். 

நேற்று மாலை அவளே தேநீர் கலக்க வேண்டும் என்று நின்றாள். நான் வெந்நீரை மட்டும் ஊற்றினேன். கரண்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கி எடுத்தாள். கெட்டிப்பால் டின்னுக்குள் விட்டாள். பால் ஒட்டிய கரண்டி வழுக்கிக் கீழே விழுந்தது. நான் குனிந்தேன்.

"எடுக்காத."

நிமிர்ந்தேன்.

"விடு. நானே எடுக்கறேன்."

சட்டகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனியத் தொடங்கினாள். தொடை நடுங்கியது. பாதி குனிந்து, நின்று, மூச்சு வாங்கி, இன்னும் கொஞ்சம் குனிந்தாள். விரல் நுனி கரண்டியைத் தொட்டது, அது தரையில் நகர்ந்து போனது. மறுபடி தொட்டது, மறுபடி நகர்ந்தது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு அடுப்போரம் நின்றேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.