கடல் இல்லாத சாண்டாகுரூஸ்

போன வாரம் மும்பையில் அந்தேரிக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்த பெருமையில் உட்கார்ந்திருந்தேன். "அக்லா ஸ்டேஷன், சாண்டாகுரூஸ்" என்றாள் அறிவிப்புப் பெண். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த காலேஜ் பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்டேஷன் பேரைக் கேட்டுத் தனியாகச் சிரிக்கிற மாமி பக்கத்தில் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் உங்களிடம் சொல்லலாம். அந்தப் பேரைக் கேட்டால் எனக்கு ரயில் ஞாபகம் வருவதில்லை. ஸ்பெயின் வருகிறது, போர்ச்சுகல் வருகிறது, எங்கோ பசிபிக்கில் ஒரு தீவுக் கூட்டம் வருகிறது. கூடவே தோலும் சொல்யூஷனும் கலந்த ஒரு வாசனையும் வந்துவிடுகிறது.

சொல்யூஷன் என்றால் தோல் ஒட்டுகிற பசை. டப்பாவைத் திறந்தால் மூக்கு வழியாக நேராக மண்டைக்கு ஏறும். என் முதல் வேலை அந்த வாசனைக்குள்தான். தாராவியில் நூர்ஜஹான் அக்காவின் பட்டறை. டைப் அடிக்க, ஃபேக்ஸ் அனுப்ப, ஆங்கிலத்தில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கிவிட்டு மாட்டுங்கா வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான் போய்ச் சேர்ந்தேன். "தோல் பட்டறைக்கா? பேஷ், நன்னாருக்கு!" என்று அப்பா பேப்பரை மடித்தவர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அம்மா பேசினாள், ஆனால் என் கைப்பையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வந்தால்தான் உள்ளே விட்டாள். முருங்கைக்காய் சாம்பாருக்கும் சொல்யூஷனுக்கும் ஒத்துப்போகாது என்பது அவள் கட்சி.

நூர்ஜஹான் அக்காவுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். கணவர் காதர் சவுதியில் வேலைக்குப் போயிருந்தார். போகும்போது பட்டறையை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு ஊருக்குப் போ என்றிருக்கிறார். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில், அவர் பெருநாளைக்கு லீவில் வருவதற்குள் வெளிநாட்டு ஆர்டர் ஒன்றாவது முடித்துக் காட்டினால் பட்டறை இருக்கும், இல்லாவிட்டால் மெஷினை விற்றுவிட்டு ரயிலேற வேண்டியது என்று பேச்சு. "ஊருக்குப் போனா நான் காதர் பொண்டாட்டி, பிள்ள. இங்கதான் நூர்ஜஹான்" என்று ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் அவள் என்ன விளக்க வேண்டும்? எனக்கு அன்றிலிருந்து அது என் சொந்தக் கவலையாகிவிட்டது.

ஆர்டர் செம்பூர் கேம்ப்பிலிருந்து வந்தது. லக்ஷ்மண் சேட் என்று ஒரு சிந்திக்காரர். சிந்திக்காரர்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத துறைமுகம் உலகத்தில் கிடையாது என்று நான் நினைப்பதுண்டு. சேட்டின் மச்சான் ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவில், சாண்டாகுரூஸ் என்ற ஊரில், டூரிஸ்ட்டுகளுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். அவருக்குத் தோல் கீசெயின் வேண்டும். வட்டமான தோலில் ஒரு மலை, ஒரு பனைமரம், கீழே கடல் அலை, அலைக்கடியில் சாண்டாகுரூஸ் என்று எழுத்து. பித்தளையில் பிளாக், அதாவது அச்சு, செய்து, மெஷினில் வைத்துத் தோலில் அழுத்தி, பட்டறை முழுக்க மலையும் கடலுமாக மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்தோம். அப்புறம் ஒரு மத்தியானம் சேட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மச்சான் கடையை மூடிவிட்டாராம்.

"மால் கேன்சல், பேட்டி. மே க்யா கரூன்?" என்று, நான் என்ன செய்ய முடியும் என்பதுபோல என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நல்ல மனிதர், முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

அக்கா அழவில்லை. ஒரு கீசெயினை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வாய் சும்மா இருக்காதே எனக்கு. "அக்கா, நம்ம சாண்டாகுரூஸ் ஸ்டேஷன் வாசல்ல வித்துடலாமா?" என்றேன்.

"அங்க எங்கட்டி இருக்கு மலை?" என்று சிரித்தவள், சட்டென்று சுற்றுவதை நிறுத்தினாள். "ஏ பிள்ள, அந்தப் பேர்ல இங்க ஒரு ஊரு, அங்க ஒரு ஊரு இருக்குன்னா, வேற எங்கயும் இருக்காதா?"

அன்று நான் மாட்டுங்காவுக்கு ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தம்பியின் ஸ்கூல் அட்லஸைப் பிடுங்கிக்கொண்டு, அவன் கத்துவதைக் காதில் வாங்காமல், மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். பின்பக்கத்தில் ஊர்ப்பெயர்ப் பட்டியல். எஸ் எழுத்தில் விரலை வைத்து இறங்கினால், சாண்டாகுரூஸ், சாண்டாகுரூஸ், சாண்டாகுரூஸ் என்று வந்துகொண்டே இருக்கிறது! உலகம் இவ்வளவு பெரிதாக இருந்தும் பேர் வைக்கிற விஷயத்தில் இத்தனை சிக்கனமாக இருக்கும் என்று யார் நினைத்தது? தோல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு அட்லஸைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

உடனே ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினோம். கலிபோர்னியாவில் ஒன்று. கடல் இருக்கிறது, ஆனால் சேட்டுக்கு அங்கே ஆள் இல்லை. கழித்தோம். ஈக்வடாருக்குச் சொந்தமான தீவு ஒன்று. அங்கே ஆமைதான் பிரசித்தம், ஆமை இல்லாத கீசெயினை யார் தொடுவார்கள் என்றார் சேட். போர்ச்சுகலின் மடீரா தீவில் மலை, கடல் எல்லாம் பொருத்தமாக இருந்தது. சேட் ஃபேக்ஸ் போட்டார், இரண்டு நாள் பார்த்தும் பதில் இல்லை. பொலிவியாவில் பெரிய ஊர் ஒன்று. பொலிவியா ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். தென் அமெரிக்காவின் நடுவயிற்றில் அதைக் கண்டுபிடித்து, சுற்றிலும் வெறும் நிலமாக இருப்பதைப் பார்த்து, பெரிய மேதாவி போல அதையும் கழித்தேன். "கடலே இல்லாத நாடுக்கா. அங்க அலை போட்ட கீசெயினை எவன் வாங்குவான்?"

"ஏன் வாங்க மாட்டான்?" என்றாள் அக்கா.

எனக்குப் புரியவில்லை. அவள் மேலே பலகையில் இருந்த சிப்பி ஒட்டிய ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். "கல்யாணம் ஆயி வந்த புதுசுல ஜுஹூ பீச்சுக்கு இவுக கூட்டிட்டுப் போனாவ. எங்கூர்ல மலை உண்டு, கடல் ஏது? கடலப் பாத்து அழுதுட்டேன். அன்னைக்கு அவுகள நச்சரிச்சு வாங்கினதாக்கும் இது. ஜுஹூலயே கெடக்கவன் எவனாச்சும் இத வாங்குதானா? கடல் இருக்கவனுக்குக் கடல் படம் எதுக்கு, பிள்ள?"

சேட் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பொலிவியாக்காரர்களுக்கு ஒரு காலத்தில் கடற்கரை இருந்ததாம், சண்டையில் சிலி நாட்டிடம் போய்விட்டதாம், இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்களாம். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், சிலியின் துறைமுகத்தில் அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் கடை வைத்திருக்கிறார், பொலிவியா வியாபாரிகள் அங்கேதான் சரக்கு எடுக்க வருகிறார்கள். நான் சொன்னேன் அல்லவா, சிந்திக்காரர்களைப் பற்றி! மாதிரிக்கு ஒரு பொட்டலம் அன்றே போனது.

அப்புறம் காத்திருந்தோம். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வெளியே தைரியமாகத்தான் இருந்தாள், ஆனால் மெஷினைத் துடைக்கிறேன் என்று துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கீழே சந்தில் ஸ்கூட்டர் சத்தம். மாடியிலிருந்த எங்கள் பட்டறைக்கு இரும்பு ஏணிதான்; அதில் ஏறுவது என்றால் சேட்டுக்கு எமனைக் கண்ட மாதிரி, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கித்தான் வருவார். அன்று அந்தப் பெரிய உடம்போடு ஒரே மூச்சில் ஏறி வந்துவிட்டார். தலை தெரிந்ததுமே கத்தினார்: "பிக் கயா! சப் பிக் கயா!"

எல்லாம் விற்றுவிட்டது. இன்னும் வேண்டுமாம், அலையை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்கிறார்களாம்.

அக்கா பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தொண்ணூறு அடி ரோட்டு டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். சவுதி லைன் கிடைத்ததும் சலாம்கூடச் சொல்லவில்லை. "கடல் இல்லாத ஊர்ல கடல வித்துட்டேன், கேட்டியளா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பூத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து காதர் பாய் கேட்டது எனக்கே காதில் விழுந்தது: "அங்க ஆள் வேணுமா, நூரு?"

அந்தப் பெருநாளுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. பட்டறையில் தோல் வெட்ட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நாங்கள் புதிதாக பிளாக் செய்யும்போதெல்லாம் முதலில் அட்லஸைப் பார்ப்போம். ஒரே ஒரு நாட்டில் மட்டும் இருக்கிற ஊர்ப்பேரென்றால் அக்கா உதட்டைப் பிதுக்கிவிடுவாள். விக்டோரியா, கிங்ஸ்டன், சான் ஃபெர்னாண்டோ இப்படித்தான் வேண்டும். ஒரு இடத்தில் போகாவிட்டால் இன்னொரு இடத்தில் தள்ளிவிடலாம் என்பது அவள் கணக்கு. எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டபோது தம்பியின் அட்லஸை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அவன் அதற்காக இன்றும் சண்டை போடுவான்.

போன வருஷம் பட்டறை இருந்த அந்த வரிசை முழுக்க இடித்துவிட்டார்கள். அக்கா இப்போது கோவண்டியில் மகனோடு இருக்கிறாள். காதர் பாய் காலமாகிவிட்டார். லிஃப்ட் வைத்த கட்டடம், பளபளவென்று தரை, எந்த வாசனையும் இல்லை. போயிருந்தேன். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பழைய குறும்போடு கேட்டாள்:

"உன் போன்ல உலகம் பூராவும் இருக்காம்லா. நம்ம சந்து பேர்ல வேற நாட்டுல எங்கயாச்சும் சந்து இருக்கான்னு பாரு பிள்ள. போயி உக்காந்துக்கிடலாம்."

சிரித்துக்கொண்டேதான் போனைக் கையில் எடுத்தேன். அதில் என்னவென்று அடிப்பது? எங்கள் சந்துக்குப் பேரே கிடையாது. யார் வழி கேட்டாலும் "நூர்ஜஹான் பட்டறை எங்கே" என்றுதான் கேட்பார்கள்.