ஈரத்துணி பட்ட ரோபோ

இருபது வருஷத்துக்கு முன், திண்டுக்கல்லில் நான் பெருக்கித் துடைத்த காலேஜில் ரோபோ பந்தாட்டப் போட்டி. மனுஷர் கை படாமல் ரோபோவே பந்தைத் தேடி அடிக்கணும். எங்கள் பெண்கள் ஒரு கோல் முந்தியிருந்தார்கள். இடைவேளையில் அவர்கள் ரோபோவில் தூசியைப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பந்து தேடும் கண் அவிந்துபோனது.

"யாரு தொட்டது?" அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் கத்தினார். பயத்தில் ஈரத்துணியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"நாங்கதான் சார்" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான ஸ்டெல்லா. பிறகு தோழியிடம், "ஏடி, இனி பந்தைத் தேட வேணாம். நம்ம கோல் முன்னாடியே குறுக்க மறுக்க நடக்கட்டும்" என்று கம்ப்யூட்டரில் மாற்றி எழுதினாள்.

எதிரணி ரோபோ முட்டிமுட்டிப் பார்த்தது. ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. ஜெயித்துவிட்டார்கள்!

"தாயி, நான்தான் துடைச்சேன்" என்றேன்.

"தெரியும் ஆத்தா. குளிப்பாட்டிட்டீகள்ல?" சிரித்தாள்.

அதுவரை கூட வேலை பார்ப்பவள் தப்பு செய்தால் முதல் ஆளாகச் சூப்பர்வைசரிடம் சொல்வேன். அன்றோடு விட்டேன்.