பினாங்குக்குப் போன படப்பெட்டி

அம்மா ஒரே ஒரு படத்தில் நடித்தாள். கதாநாயகியின் தங்கை வேடம். அதற்கு வரவேண்டியவள் வராததால், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அம்மாவை டைரக்டர் பிடித்து நிறுத்திக்கொண்டாராம். அப்பா அந்தப் படத்தை எடுத்த சினிமா கம்பெனியின் சென்னை ஆபீசில் வெளிநாட்டு வினியோகம் பார்த்த குமாஸ்தா. எனக்கு விவரம் தெரிவதற்குள் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊரான கொழிஞ்சாம்பாறைக்கே திரும்பி, தென்னந்தோப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

போன வருடம் அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரு நாள் படுக்கையிலிருந்தே கூப்பிட்டார்.

“அம்மிணி, உங்கம்மாள ஒருக்கா பாக்கோணும்.”

“போட்டோ எடுத்துட்டு வரட்டுங்களாப்பா?”

“போட்டோ வேண்டாம். அவ நடக்கோணும், சிரிக்கோணும்.”

படத்தின் நெகட்டிவ் லேபிலேயே கெட்டுப்போயிருந்தது. இங்கே ஓடிய பிரிண்டுகளும் மிஞ்சவில்லை. பினாங்குக்கு அனுப்பியது மட்டும் அங்கே எங்காவது கிடக்கும் என்று அப்பா நம்பினார். யாருக்கு விற்றார்கள் என்பது அவருக்கு மறந்துவிட்டது. முதலாளி குமுளி ஏலக்காய் வியாபாரி. கம்பெனியை மூடியபோது ஆபீஸ் காகிதங்களை லாரியில் ஏற்றித் தன் கிடங்குக்குக் கொண்டுபோயிருந்தார். பஸ் மாறி மாறி, கம்பம் வழியாக மலையேறினேன்.

முதலாளி இறந்துவிட்டார். அவர் மகன்தான் கிடங்கைத் திறந்துவிட்டார்.

“நல்லவேளை இப்ப வந்தீங்கக்கா. அடுத்த வாரம் இடிக்கப் போறோம். கரையான் இருக்கு, பாத்துக்கிடுங்க.”

கொழும்பு, சிங்கப்பூர், ரங்கூன் என்று காகிதங்களை ஊர் ஊராகக் கட்டி வைத்திருந்தார்கள். கப்பல் ரசீதுகள், போஸ்டர் கேட்டு வந்த தந்திகள், எந்த ரீலில் எந்தச் சண்டையை வெட்ட வேண்டும் என்று வெளிநாட்டு சென்சார்காரர்கள் எழுதியவை. பினாங்குக் கட்டின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தில் அம்மாவின் படத்தின் பெயரைப் பார்த்ததும் அந்தத் தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஒப்பந்தக் காலம் முடிந்த பிரிண்டுகளைக் கோடாலியால் வெட்டி எரித்துவிட்டதாக அங்கிருந்து வந்த சான்றிதழ் அது. பல படங்களுக்கு நடுவே இதுவும் ஒன்று.

“திருப்பி அனுப்புற செலவு மிச்சமாகட்டும், அங்கயே அழிச்சிருங்கன்னு இங்கருந்தே சொல்லிருவாங்கக்கா. எங்கப்பா சொல்லிருக்காரு” என்றார் மகன்.

அப்படிச் சொன்ன கடிதத்தின் நகலும் சான்றிதழோடு குத்தியிருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து.

வீடு திரும்பியதும் பிரிண்ட் இல்லை என்று மட்டும் சொல்லிவிட நினைத்தேன். அவர் விடவில்லை.

“அழிச்சுப்போட்டாங்களா?”

“ஆமாங்கப்பா.”

“அழிக்கச் சொல்லி ஆரு எழுதுனது?”

நான் தலையணையைச் சரிசெய்தேன். அப்பா என் முகத்தையே பார்த்தார்.

“எல்லாப் படத்துக்கும் ஒரே லெட்டர்தேன். படத்துப் பேரை மட்டும் மாத்தி அடிப்பேன்.” வாய் கோணியதால் சொற்கள் குழறின. “அன்னைக்கு உங்கம்மா ஊட்டுல சோறாக்கிட்டு இருந்தா. எனக்கு அது இன்னொரு பொட்டி, அவ்வளவுதேன்.”

நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குலுங்கக்கூட அவருக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. அதற்குப் பிறகு டிவியில் பழைய படம் ஏதாவது ஓடினால் நிறுத்தச் சொல்வார்.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டார். அம்மா எப்படி நடப்பாள், எப்படிச் சிரிப்பாள் என்று அவர் இருந்தவரை கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்பதற்கு யாருமில்லை.