பைக்காரா காட்டேஜின் வாடகை

குன்னூரில் அப்பா, அம்மாவோடு நான் பார்க்கப் போன ஆடிட்டர், அறையில் இருந்த ஒரே ஹீட்டரைத் தம் கால்களின் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடியும் கனிவற்ற குரலும் கொண்ட அவரை எனக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. கணவனிடம் கேள்வி கேட்கும்போது மனைவியின் முகத்தையும், மனைவியிடம் கேட்கும்போது கணவனின் முகத்தையும் பார்ப்பது அவர் வழக்கம்.

பைக்காரா அருகே சுற்றுலாப் பயணிகளுக்கு நாங்கள் வாடகைக்கு விடும் காட்டேஜ் அம்மாவின் பெயரில் இருக்கிறது. அதன் வாடகையை வரிக்கணக்கில் அம்மாவின் வருமானமாகவே அப்பா காட்டிவந்தார்.

"ஊடு வாங்குன காசு யாருதுங்க?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, ஆடிட்டர் அப்பாவைப் பார்த்தார்.

"பூராவும் என்னுதுதானுங்க," என்று அப்பா முந்திக்கொண்டார்.

"அப்ப வாடகையும் உங்க வருமானந்தானுங்க. வீட்டுக்காரம்மா பேர்ல எழுதிட்டா வரி உங்களை உட்டுருமுங்களா?"

"பாதிக் காசு என்ற நகையை வித்ததுங்க," என்றார் அம்மா.

"அதையெல்லாம் இங்க எதுக்குப் பேசற?" என்று அப்பா சீறினார்.

ஆடிட்டர் அப்பாவிடம் சொன்னார்: "நகைக்காசுன்னு நீங்க எழுதிக் குடுத்தா, பாதி வாடகை அவங்க கணக்குக்குப் போயிருமுங்க. உங்களுக்கு வரியும் குறையும். ஆனா பாதி ஊடு அவங்க காசுல வாங்குனதுன்னு ஆயிருமுங்க."

"வேண்டாமுங்க. முழு வரியும் நானே கட்டிக்கறேன்."

அம்மா எழுந்து வெளியே போனார்.

வரிக்குத் தேவைப்படாத அந்தக் கடைசி வாக்கியத்தை ஆடிட்டர் ஏன் சொன்னார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.